மலையில் தாத்தா, அம்மாச்சி கடைக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது

ஏப்ரலில் முழுப் பரீட்சை முடிந்ததும் என் மகளும் மகனும் மலையேறிவிடுவார்கள். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் அப்பாவும் அம்மாவும் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். பெரிய கடை இல்லை. முன்னால் ஒரு மேசை, மூன்று சுவரிலும் பலகைத் தட்டுகள், ஓரமாக மூட்டைகள், உள்கதவைத் திறந்தால் வீடு. நானும் அந்தக் கடையில் நின்று வளர்ந்தவள்தான். கல்யாணமாகித் திண்டுக்கல் வந்துவிட்டதால், லீவில் இப்போது என் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8.

இப்படித் தாத்தா பாட்டி கடைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று என் தோழிகளே கேட்கிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குனிவது, நிமிர்வது, ஓடி எடுப்பது, பொடி எழுத்தைப் படிப்பது, இவை பிள்ளைகளுக்கு. விலை, கடன், கல்லா, இந்த மூன்றும் பெரியவர்களுக்கு. இதை முதல் நாளே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இந்தக் காலத்துப் பிள்ளைகள் கணக்கிலும் போனிலும் வேகம். தாத்தா மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பேத்தி தொகையைச் சொல்லிவிடுவாள். வாடிக்கைக்காரர்களும் "பாப்பா, நீயே சொல்லும்மா" என்று அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். இப்படி ஒரு வாரம் போனால், நாற்பது வருடம் கடை நடத்தியவர் தன் கடையிலேயே ஓரமாக உட்கார வேண்டி வரும். பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனாலும் பெரியவர்களுக்கு அது வலிக்கும், வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால் என் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கூட்டிய தொகையைத் தாளில் எழுதித் தாத்தா முன்னால் வைக்க வேண்டும். வாடிக்கைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்வது தாத்தாதான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று ஆக்கினார்கள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் கூடமாட உதவுவதற்கு மட்டும் இடம் உண்டு. 2017-இல் வந்த விதிகளில் அதற்கும் வரம்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது, ஒரு பெரிய ஆள் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்தவும் கூடாது. எங்கள் வீட்டில் மூன்று மணி நேரம்கூட இல்லை. காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மற்ற நேரம் விளையாட்டு, தூக்கம், அம்மாச்சியோடு அரட்டை. கடையில் ஆள் பற்றாக்குறை என்றால் பெரிய ஆளாகப் பார்த்துச் சம்பளத்துக்கு வையுங்கள், பேரப்பிள்ளையை வைத்து அதைச் சரிக்கட்ட வேண்டாம்.

பீடி, சிகரெட் விஷயம் தனி. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்த வயதுக்காரர்கள் அதைக் கையில் எடுத்து விற்கவும் கூடாது. கடையில் அந்தச் சரக்கு இருந்தால் அந்தத் தட்டுப் பக்கமே பிள்ளை போகக் கூடாது. பேரப்பிள்ளைகள் வந்து நிற்கத் தொடங்கிய பிறகு என் அப்பா அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார். கொஞ்சம் வியாபாரம் குறையத்தான் செய்தது. எடுத்தது நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தேதி பார்க்கிற வேலை

பிள்ளைகளால் கடைக்குக் கிடைக்கிற மிகப் பெரிய உதவி இதுதான். பிஸ்கட், மசாலாப் பொடி, சேமியா, ரொட்டி என்று எதை எடுத்தாலும் தயாரித்த தேதியை எறும்பு எழுத்தில்தான் அச்சடித்திருப்பார்கள். சில பாக்கெட்டில் மடிப்புக்குள் இருக்கும், சிலதில் பளபளக்கிற வெள்ளித் தாளில் புள்ளி புள்ளியாக இருக்கும். கண்புரை வந்த கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. என் அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கும்" என்று வைத்துவிடுவார்.

நாளுக்கு ஒரு தட்டு என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே நாளில் கடை முழுவதையும் இறக்கினால் பிள்ளைக்கும் அலுத்துவிடும், கடையும் ரெண்டு படும். தட்டில் உள்ளதை எல்லாம் மேசைக்கு இறக்கி, தட்டைத் துடைத்து, தேதி வாரியாகத் திரும்ப அடுக்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். சில பாக்கெட்டில் கடைசித் தேதி நேராகப் போட்டிருக்கும். சிலதில் 'பேக் செய்ததிலிருந்து 6 மாதம்' என்று மட்டும் இருக்கும். அதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பிப்ரவரி 20 என்றால் ஆகஸ்ட் 20-க்குள் விற்றாக வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடியப்போவதை ஒரு தனி அட்டைப் பெட்டியில் போட்டுத் தாத்தாவிடம் காட்ட வேண்டும். கம்பெனி ஆளிடம் திருப்பிக் கொடுப்பதா, வீட்டுக்கு எடுத்துக்கொள்வதா என்பதை அவர் முடிவு செய்வார். தேதி தாண்டியதைக் கண்டால் பிள்ளை சத்தம் போட்டு அறிவிக்கக் கூடாது. கடையில் ஆள் நிற்கும்போது "தாத்தா, இது எக்ஸ்பயரி ஆயிருச்சு!" என்று கத்தினால் தாத்தாவுக்கு எப்படி இருக்கும்? எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஆள் போன பிறகு சொன்னால் போதும்.

வத்தலக்குண்டிலிருந்து சரக்கு வேன் வரும் நாளில் இன்னொரு வேலை உண்டு. ஒரு பிள்ளை பில்லைப் படிக்க, இன்னொன்று சரக்கை எண்ண வேண்டும். மே மாதம் சீசனில் மலைப்பாதை நெரிசலில் வேன் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. இறக்குகிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்குப் பதற்றம். அந்த நேரத்தில் டிக் அடிக்க ஒரு சின்னக் கை இருப்பது பெரிய தெம்பு. ஒரே சோப்பு பழைய சரக்கில் ஒரு விலை, புது சரக்கில் ஒரு விலை என்று வந்திருந்தால் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக அடுக்க வேண்டும். அந்தந்த உறையில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. மூட்டை தூக்குவது, ஏணியில் ஏறுவது இரண்டும் பிள்ளைகளுக்குக் கிடையாது. 25 கிலோ மூட்டையை இழுத்துப் பார்க்கவும் விடாதீர்கள்.

ஈரமும் குளிரும்

கீழே இருக்கிற கடைக்கும் மலைக் கடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கையாலேயே தெரிந்துகொள்வார்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்துவிடும். ஏப்ரல், மே மாதத்தில் கோடை மழையும் சேர்ந்துகொள்ளும். உப்பு நீர் விடும், வெல்லம் கசியும், அப்பளம் துவண்டுபோகும், முறுக்கு நமுத்துப்போகும், தீப்பெட்டி உரசினால் மருந்து மட்டும் உதிரும்.

அதனால் மகனுக்குக் கொடுத்த முதல் வேலை மூடி பார்ப்பது. ஒவ்வொரு முறை பாட்டிலைத் திறந்த பிறகும் மூடி முழுவதும் திருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும், பொறுப்பாகவும் இருக்கும். ஈரக் கை பாட்டிலுக்குள் போகக் கூடாது, அதற்கென்று வைத்திருக்கிற கரண்டியில்தான் எடுக்க வேண்டும். மூட்டைகள் சிமெண்டுத் தரையைத் தொடாமல் பலகை மேல் இருக்க வேண்டும், சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி. தீப்பெட்டிக் கட்டு மேல் தட்டில் இருக்க வேண்டும், அதைப் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும்.

டீத்தூள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். டீத்தூள் பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கற்பூரமோ ஊதுபத்தியோ சோப்போ அருகில் இருந்தால் டீயில் அந்த மணம் வரும். கற்பூரம் திறந்து கிடந்தால் காற்றிலேயே கரைந்து குறைந்துவிடும். பினாயில், கொசுவத்தி, எலி மருந்து எல்லாம் தனித் தட்டில், கீழே சாமான் எதுவும் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். அந்தத் தட்டையும் பிள்ளைகள் தொட வேண்டியதில்லை.

பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குக் கடையிலேயே பதில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏன் எப்போதும் கட்டியாகவே இருக்கிறது என்று மகன் கேட்டான். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், கொடைக்கானலிலோ மே மாதப் பகலே 20 டிகிரியை ஒட்டித்தான். தூக்கிலிருந்து அளந்து கொடுக்க வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். வெந்நீரை அம்மாச்சிதான் எடுத்து வைப்பார்.

இன்னொன்று சிப்ஸ் பாக்கெட். கீழே கட்டிய பாக்கெட் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் பலூன் மாதிரி உப்பிவிடும். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உள்ளே அடைத்த காற்று விரிகிறது. புதிதாக வந்த ஆட்கள் கெட்டுப்போன பாக்கெட் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். காரணத்தைப் பிள்ளையே எடுத்துச் சொல்லலாம், கேட்கிறவர்களுக்கும் சந்தோஷம். ஆனால் பால், தயிர், தோசைமாவுப் பாக்கெட் உப்பியிருந்தால் அது வேறு கதை. உள்ளே புளித்திருக்கிறது. அதை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் பிள்ளை பாதி மலைக்கடைக்காரர் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பருப்பும் அப்படித்தான். கீழேயிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்கள் "பழைய பருப்பா கொடுத்துட்டீங்க, வேகவே இல்லை" என்று வருவார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சும்மா பாத்திரத்தில் வைத்தால் பருப்பு வேக நேரமாகும், குக்கரில் வையுங்கள் என்று என் அம்மா பொறுமையாகச் சொல்வார். இப்போது பேத்தி சொல்கிறாள், அம்மா தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

தராசும் பொட்டலமும்

எலக்ட்ரானிக் தராசில் பிள்ளைகள் விளையாடத்தான் பார்ப்பார்கள். அதனால் முதலில் விளையாட விடுங்கள். ஒரு தக்காளி, ஒரு புத்தகம், தன் செருப்பு என்று எடை போட்டுப் பார்க்கட்டும். (செருப்பை வைத்தால் தட்டை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.) அப்புறம் ஒழுங்கு சொல்லிக் கொடுங்கள். தட்டில் ஒன்றும் இல்லாதபோது பூஜ்யம் காட்டுகிறதா? கிண்ணம் வைத்தால் 'டேர்' பொத்தானை அழுத்திக் கிண்ணத்தின் எடையைக் கழித்தாயா? எண் நின்ற பிறகு படித்தாயா, ஓடிக்கொண்டிருக்கும்போதே படித்தாயா? தராசின் முகம் வாடிக்கைக்காரருக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா? தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்க முத்திரை போட வேண்டும். அந்த முத்திரை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். எடையில் ஊர் முழுக்க ஒரே நியாயம் இருக்க வேண்டும் என்று அரசாங்கமே ஆள் வைத்துப் பார்க்கிறது என்பது பிள்ளைகளுக்கு நல்ல ஆச்சரியம்.

கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வந்து எடையைத் தொடுவதுதான் என் அப்பாவின் வழக்கம். நிறையப் போட்டுவிட்டு அள்ளி எடுக்கக் கூடாது என்பார். எடுக்கிற கையைப் பார்த்தால் வாங்குகிறவர் மனசு சுருங்கும், போடுகிற கையைப் பார்த்தால் மலரும் என்பது அவர் நம்பிக்கை. கடைசியில் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுவார். என் மகள் இதை யாரும் சொல்லாமலே பழகிக்கொண்டாள்.

பொட்டலம் மடிப்பதைத் தாத்தாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். எனக்கும் தெரியும், ஆனாலும் அவர் கையால் பழகுவது நல்லது. அச்சடித்த செய்தித்தாளில் தின்பண்டம் கட்டக் கூடாது, மை ஒட்டும். உணவுப் பாதுகாப்பு விதியும் அதைத் தடுக்கிறது. அதனால் வெறும் பழுப்புத் தாள். சதுரமாகக் கிழித்த தாளை இடது கையில் மூலைவாட்டில் பிடித்து, வலது கையால் சுற்றிக் கூம்பாக்க வேண்டும். கூம்பின் நுனியை மேலே மடித்து விரலால் அழுத்த வேண்டும், இல்லையென்றால் கடுகு அந்த வழியாகவே கொட்டிவிடும். கூம்பை இடது உள்ளங்கையில் நிறுத்திப் பொருளைப் போட்டு, மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே படியும். பிறகு வலது ஓரம், இடது ஓரம், கடைசியில் நீளமான முக்கோணம். அந்த முக்கோணத்தைச் சொருகுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நூல் சுற்றும்போது மேலே ஒன்று, குறுக்கே ஒன்று, கீழே இழுத்துச் சட்டென்று ஒரு அறுப்பு. சின்னப் பிள்ளைகள் நூலைக் கையால் அறுக்க வேண்டாம், விரல் வெட்டிவிடும், கத்தரிக்கோல் கொடுங்கள். முதலில் உமியோ பழைய அரிசியோ வைத்துப் பழகட்டும். நூறு கிராம் கடுகைப் பிரியாமல் கட்டினால் ஆரம்பப் பாடம் முடிந்தது. சீனி கடினம், கொள்ளு சுலபம். ஏரிக்கரையில் குதிரை ஓட்டும் அண்ணன்கள் கொள்ளு வாங்க வருவார்கள். அவர்களுக்குக் கட்டிக் கொடுப்பதென்றால் மகனுக்குத் தனி உற்சாகம், குதிரையின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தையே கொடுப்பான்.

சில்லறை எண்ணும் முறை

கல்லாவைத் திறப்பது தாத்தாவோ அம்மாச்சியோதான். ஆனால் மீதிச் சில்லறை எண்ணிப் பார்ப்பதைப் பிள்ளைகள் செய்யலாம். கழித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். ஏற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பில் 63 ரூபாய், கொடுத்தது 100. 63-க்கு மேல் 2 வைத்தால் 65, ஒரு 5 வைத்தால் 70, ஒரு 10 வைத்தால் 80, ஒரு 20 வைத்தால் 100. வாங்குகிறவரும் கூடவே எண்ணிவிடுவார், சண்டை வராது. வாடிக்கைக்காரர் கொடுத்த நோட்டை மீதி கொடுத்து முடியும் வரை கல்லாவுக்குள் போடாமல் மேசை மேலேயே வைத்திருக்க வேண்டும்.

பனி இறங்கிய சாயங்காலத்தில் 20 ரூபாயும் 200 ரூபாயும் வயதான கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும். இதற்கு நோட்டிலேயே வழி இருக்கிறது. 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் இரண்டு ஓரத்திலும் தடவினால் தட்டுப்படுகிற சாய்வுக் கோடுகள் உண்டு. 100-இல் நான்கு கோடு, 200-இல் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும், 500-இல் ஐந்து கோடு. 20-இல் கோடே கிடையாது. நோட்டு கசங்கியிருந்தால் கோடு தேய்ந்திருக்கும், அப்போது நீளத்தைப் பார்க்க வேண்டும், 200 நீளமானது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கற்றுக்கொண்டு, அம்மாச்சிக்கும் பழக்கிவிட்டாள்.

10 ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் பிள்ளை வாதாட வேண்டாம், நோட்டாகக் கொடுத்துவிடலாம். ஆனால் கடைக்கு வருகிற நாணயத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அது 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கியே தெளிவுபடுத்திவிட்டது.

போனில் பணம் வருவதைப் பற்றி இரண்டே விஷயம். வாடிக்கைக்காரர் தன் போனில் காட்டும் படத்தை நம்பக் கூடாது. கடையில் உள்ள ஸ்பீக்கர் தொகையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தாத்தா போனில் வந்திருக்க வேண்டும். இரண்டாவது, பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை. யார் போனில் கூப்பிட்டு எண்ணைப் போடச் சொன்னாலும், ஏதோ ஒன்றை ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அது ஏமாற்று. இதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள், பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் கடை போனின் ரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வாய்

கடைக்கு வருகிறவரை முதலில் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். "வாங்கக்கா", "என்ன வேணும்ண்ணே", "உட்காருங்க பாட்டி". வந்த வரிசைப்படி கொடுக்க வேண்டும். அஞ்சு ரூபாய்க்குச் சீரகம் வாங்க வந்த பிள்ளையாக இருந்தாலும் சரி, மாதச் சாமான் லிஸ்டோடு வந்தவராக இருந்தாலும் சரி, முதலில் வந்தவர் முதலில். சரக்கு தீர்ந்திருந்தால் என் அம்மா 'இல்லை' என்று சொல்ல மாட்டார், "நாளைக்கு வந்துரும்" என்பார். விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் கொடுக்க மாட்டார். இதையெல்லாம் ஏன் என்று பிள்ளைகள் கேட்கலாம், மாற்றச் சொல்லக் கூடாது.

பற்று நோட்டைப் பற்றி நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். நாயுடுபுரத்தில் பாதி வீடுகளுக்கு எங்கள் கடையில் பற்று உண்டு. பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், விடுதிகளில் துணி துவைக்கிறவர்கள், சீசன் முடிந்தால் வருமானம் படுத்துவிடுகிற ஓட்டுநர்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த வீட்டு மானம். அந்த நோட்டைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. தாத்தா சொல்லச் சொல்ல எழுத நேர்ந்தால், எழுதியதை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, வெளியே விளையாடும்போது அந்த வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு அக்கா அரைக் கிலோ அரிசியும் ஒரு முட்டையும் மட்டும் வாங்கினால் "இவ்வளவு போதுமா" என்று கேட்கக் கூடாது. மாதவிடாய் நாப்கின் கேட்டால் பேசாமல் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும், சிரிப்போ கேள்வியோ வேண்டாம். மகனுக்கும் இதைச் சொல்லித்தான் வளர்க்கிறேன்.

மஞ்சப்பையும் காட்டெருமையும்

சீசனில் வெளியூர்க்காரர்கள் வழி தவறி நாயுடுபுரத்துக்குள்ளும் வருவார்கள். வந்ததும் தண்ணீர் பாட்டில்தான் கேட்பார்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோ குளிர்பானமோ விற்கக் கூடாது. கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி உண்டு. "இங்கே அது விக்கக் கூடாதுங்க, உங்க பாட்டிலைக் கொடுங்க, நிரப்பித் தர்றேன்" என்று பிள்ளைகள் சொல்வார்கள், கடையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எப்போதும் இருக்கும். பிளாஸ்டிக் பையும் கிடையாது. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு முழுக்கவே தடை. மஞ்சப்பைகளை எடுத்து மடித்து அடுக்குவது பிள்ளைகளின் வேலை. இந்தப் பனிக்காட்டில் ஒரு கவர் ஓடைக்குள் போனால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்கே தெரியும். விலங்குகள் தின்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

விலங்கு என்றதும் கடைசி விஷயம். வாழைத்தாரை வெளியே தொங்கவிட்டால் குரங்கு வரும். பிள்ளை கையில் குச்சியைக் கொடுத்துக் காவல் வைக்காதீர்கள், பறிக்கப் பாய்ந்தால் கடித்துவிடும். தாரை உள்ளே மாட்டுங்கள். காட்டெருமை தெருவுக்கே வரும். பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஓரமாகப் புல் மேய்ந்துகொண்டு நிற்கும். ஆனால் மிரண்டால் மனிதரைத் தூக்கி எறிந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு "பக்கத்து வீட்டுக்கு இதைக் கொடுத்துட்டு வா" என்று பிள்ளையை அனுப்பவே கூடாது. ஆறரை மணிக்கு என் பிள்ளைகள் கடைக்கதவைத் தாண்டி வீட்டுக்குள் போய்விடுவார்கள். அதற்கு மேல் யார் வந்தாலும் தாத்தா பார்த்துக்கொள்வார்.

ஜூனில் திரும்புவதற்கு முந்தின நாள் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஒரு பெரிய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், அடுத்த ஆறு மாதத்தில் தேதி முடிகிற சரக்கை எல்லாம் மாதவாரியாக, கறுப்பு மார்க்கரில், இரண்டு விரல் உயர எழுத்தில் மகள் எழுதுவாள். தட்டு எண்ணையும் பக்கத்திலேயே போட்டுவிடுவாள். அது கல்லாவுக்கு எதிர்ச் சுவரில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, தாத்தா உட்கார்ந்தபடியே படிக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். அட்டையில் ஈரம் ஏறாமல் இருக்கப் பின்னால் ஒரு தகரத் துண்டு வைத்து ஆணி அடிப்பார் தாத்தா. அக்டோபர், நவம்பர் மழையில் பாதை அடைபட்டு சரக்கு வராத நாட்களில், எது எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளவும் அதே அட்டைதான்.